நாலடித் தொட்டியில் சில்வர் டாலரும் ஷார்க்கும்: வேலூர் வெயில் வருவதற்குள் என்ன செய்யலாம்?

விருதம்பட்டு_மாடிவீடு:

வணக்கம். வீடு காட்பாடி விருதம்பட்டில், முதல் மாடி. பொங்கல் முடிந்ததும் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி செய்து வாங்கினோம். பையன் ஆறாவது படிக்கிறான், சின்னச் சின்ன மீன் வேண்டாம், பெரிய மீன்கள் கூட்டமாகப் போகவேண்டும், ஆனால் ஒன்றை ஒன்று கடிக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். கடையில் கேட்டதற்கு மூன்று சில்வர் டாலரும் இரண்டு ஷார்க்கும் கொடுத்தார்கள். அப்போது எல்லாமே இரண்டு அங்குலம்தான். இப்போது பங்குனி. ஷார்க் இரண்டும் அரையடிக்கு வந்துவிட்டன.

பிரச்சினை என்னவென்றால், சில்வர் டாலர் மூன்றும் பகல் முழுக்க ஃபில்டர் மூலையிலேயே நிற்கின்றன. காலையில் லைட் போட்டால் போதும், அம்பு மாதிரி பாய்ந்து கண்ணாடியில் மோதுகின்றன. ஷார்க் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒன்றுக்கு மூக்கு முனை வெளுத்துப் புண்ணாகிவிட்டது. பையன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தண்ணீர் போர் தண்ணீர்தான், காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதையும் கொஞ்சம் பிடித்து ஊற்றுவேன். ஒரு டாப் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். இன்னும் கூட்டம் சேர்க்கவேண்டுமா, குறைக்கவேண்டுமா? சித்திரை, வைகாசி வெயிலை இந்த மீன்கள் தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காடு_பழையதொட்டி:

சகோதரி, முதலில் ஷார்க்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். நம் பக்கத்துக் கடைகளில் ஷார்க் என்ற ஒரே பேரில் இரண்டு மீன் கிடைக்கும். ஒன்று பாலா ஷார்க். வெள்ளி உடம்பு, நல்ல பெரிய செதில், துடுப்புகளின் ஓரம் எல்லாம் மை தீட்டியது போலக் கறுப்பு. அது ஷார்க்கே இல்லை, நம் கெண்டை வகையறா. ஒரு அடியைத் தாண்டி வளரும். இன்னொன்று பங்காசியஸ். தாய்லாந்து, வியட்நாம் பக்கத்துப் பெரிய ஆறுகளில் இருக்கும் கெளுத்தி வகை, ஹோட்டலில் பாசா என்று தட்டில் வருவதும் அதன் வகையறாதான். செதில் இருக்காது, தலை தட்டையாக இருக்கும், வாய் ஓரத்தில் குட்டி மீசை இருக்கும். அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இரண்டு மாதத்தில் அரையடி, நிற்காத சுற்று, மூக்கில் புண், எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. நெருக்கத்துக்கு வந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

சில்வர் டாலர் மூலையில் நிற்பதற்குக் காரணம் நோய் இல்லை, பயம். தென் அமெரிக்க ஆறுகளில் அது பெருங்கூட்டமாக வாழும் மீன். பிரானா குடும்பம்தான், ஆனால் தின்பது பெரும்பாலும் இலை, தழை. தன்னைச் சுற்றி தன் இனம் இருந்தால்தான் அதற்குத் தைரியம் வரும். மூன்று என்பது அதற்குக் கூட்டமே இல்லை. குறைந்தது ஆறு வேண்டும், எட்டு என்றால் நிம்மதி. இதில் ஒரு சங்கடம் பாருங்கள், வளர்ந்த சில்வர் டாலர் ஒவ்வொன்றும் அரையடித் தட்டு. பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஆறு உருப்படியை உங்கள் நாலடித் தொட்டியில் ஒரு வருடம் ஓட்டலாம், அதற்கு மேல் திரும்பக்கூட இடம் இருக்காது. ஐந்தடிக்கு இரண்டடிக்கு இரண்டடி இருந்தால்தான் அந்தக் கூட்டம் நீளத்துக்கு நீந்துவதைப் பார்க்க முடியும். என்னிடம் இருப்பது ஆறடி. சாயங்காலம் ஏழு உருப்படியும் ஒரே நேரத்தில் திரும்பும்போது வெள்ளித் தகடு புரள்வது போல இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் காபி ஆறிப்போயிருக்கிறது.

இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள், கண்ணாடி எங்கே முடிகிறது என்று மீனுக்குத் தெரியவேண்டும். காலையில் நேராகத் தொட்டி லைட்டைப் போடாதீர்கள். முதலில் ஜன்னல் திரையை விலக்குங்கள், இல்லையென்றால் ஹால் லைட், கால் மணி நேரம் கழித்துத் தொட்டி லைட். இருட்டில் நிற்கும் மீனுக்குத் திடீர் வெளிச்சம் விழுந்தால் அது எதிரி வந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளும். நல்ல மரக்கட்டை ஒன்றிரண்டு போட்டால் ஒதுங்க நிழல் கிடைக்கும். செடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள், ஒரே ராத்திரியில் மேய்ந்துவிடும். அதற்குப் பதிலாக அரைக்கீரை, வெள்ளரித் துண்டு, வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணி கொடுங்கள். கீரையை மட்டும் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

விருதம்பட்டு_மாடிவீடு:

ரொம்ப நன்றி சார். படம் கீழே. ஷார்க்குக்கு மீசை இருக்கிறது, செதில் இல்லை. நேற்றே சார்ட் ஒட்டிவிட்டோம், நீங்கள் சொன்ன மாதிரி லைட் போட்டதில் இன்று காலை மோதல் இல்லை. இன்னொரு சந்தேகம். சில்வர் டாலரில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட நீளமாக, கனமாக இருக்கிறது. தாடைக்குக் கீழே இருந்து வயிறு வரைக்கும் சிவப்பு. கடையில் அதுதான் ஆண் என்றார்கள். சரியா?

குடியாத்தம்_குளத்துமீன்:

அக்கா, அந்த மூன்றாவது ஆணும் இல்லை, சில்வர் டாலரும் இல்லை. அது ரூப்சந்த். எங்கள் வீட்டில் மீன் குளம் வைத்திருக்கிறோம், குஞ்சாக அதை நிறையப் பார்த்திருக்கிறேன். பாக்கு என்று சொல்வார்கள், சில இடத்தில் பிரானா என்று பயமுறுத்திக்கூட விற்பார்கள். ஆண் சில்வர் டாலருக்குச் சிவப்பு வந்தாலும் அடித்துடுப்பின் ஓரத்தில்தான் வரும். தாடையும் மார்பும் வயிறும் சேர்ந்து சிவந்தால் அது ரூப்சந்த். குஞ்சில் உடம்பில் கரும்புள்ளியும் இருக்கும், ஆனால் புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சில்வர் டாலரிலும் புள்ளி உள்ள வகை இருக்கிறது. ரூப்சந்த் குளத்தில் சர்வ சாதாரணமாக ஒன்றரை அடி வரும். பல்லைப் பார்த்தீர்கள் என்றால் மனிதப் பல் மாதிரியே இருக்கும். அதற்கு வீட்டுத் தொட்டி ஒரு நாளும் போதாது.

பங்காசியஸும் அப்படித்தான். நல்ல தீனி போட்டால் ஒரு வருடத்துக்குள் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அதன் உடம்பே ஆற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் வருவதற்காக அமைந்தது. நாலடியில் போட்டால் மூக்கு தேயாமல் என்ன செய்யும்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பாவம் பார்த்து ஏரியிலோ பாலாற்றுத் தேக்கத்திலோ விட்டுவிடாதீர்கள். தொட்டிக்கு வாங்கின சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் எவ்வளவு பரவிவிட்டது என்று வலை போடுகிறவர்களைக் கேட்டால் அழாத குறையாகச் சொல்வார்கள். வலையைக் கிழிக்கும், நம் நாட்டு மீன் முட்டையைத் தின்னும். மூன்று மீனையும் நம் பக்கம் யாராவது வரப்புக் கட்டி வளர்க்கும் குளத்துக்குக் கொடுங்கள். வேறு யாரும் கிடைக்காவிட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், இந்த மீனுக்குப் பெரிய தண்ணீர் வேண்டும் என்று. புரிந்துகொள்வான்.

பாகாயம்_வேதியியல்:

வெயிலைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் பறிகொடுத்திருக்கிறேன்.

என்னிடம் ஏழு சில்வர் டாலர் இருந்தன. மூன்று வருடம் வளர்த்தவை, கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாலே கீரைக்காக வரிசையாக வந்து நிற்கும். ஒரு மே மாதம், கத்திரி நடுவில், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். காலையில் வழக்கம் போல வயிறு நிறையப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது இரண்டு செத்திருந்தன, மற்றவை மேலே வாய் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. கரன்ட் வந்தது, கேனிஸ்டர் ஃபில்டர் தானாக ஓட ஆரம்பித்தது, நானும் அப்பாடா என்று உட்கார்ந்தேன். ராத்திரிக்குள் இன்னும் மூன்று போய்விட்டன. மூடிய டப்பாவுக்குள் எட்டு மணி நேரம் காற்றில்லாமல் நின்ற தண்ணீர் அழுகி, அத்தனையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் கொட்டியிருக்கிறது. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கேனிஸ்டரைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வெயிலில் மீன் சாவதற்கு முக்கால்வாசிக் காரணம் மூச்சு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரி ஆனால் ஏழுகூட இல்லை. அதே நேரம் சூட்டில் மீனுக்குத் தேவை கூடும், பெரிய மீன், அதுவும் கூட்டம் என்றால் சொல்லவே வேண்டாம். இரண்டாவது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. நம் போர் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில, கார அளவு, பெரும்பாலும் எட்டை ஒட்டி நிற்கும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, பி.எச். 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு. அதாவது வேறு ஊரில் ஒருவர் மென்மையான தண்ணீரில் செய்து தப்பிக்கிற தவறு, நமக்கு இங்கே மே மாதத்தில் மீனைக் கொல்லும். அதனால் ஒரே நாளில் புது மீன் எட்டை இறக்காதீர்கள். ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஊறி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் தொட்டி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, இருந்தாலும் இரண்டிரண்டாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் சேருங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள், மருந்துக்குச் செலவழிப்பதைவிட அது மிச்சம்.

செய்யக்கூடியது இவ்வளவுதான். தண்ணீர் மட்டத்தை ஒரு அங்குலம் இறக்கி, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு மேலே கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள், பெரிய மீன்கள் குதிக்கும். ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பில் சாய்வாகப் படும்படி வையுங்கள். நம் ஊர் வெயில் வறண்ட வெயில் என்பதால் ஆவியாகிச் சூடு இரண்டு மூன்று டிகிரி நன்றாகவே இறங்கும். ஆவியான அளவுக்குத் திரும்ப ஊற்றும்போது போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு ஆவியாவதில்லை, தொட்டியிலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். அதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். காவிரித் தண்ணீர் பிடித்தால் குளோரின் போக ஒரு நாள் திறந்து காற்று விட்டு வையுங்கள், இல்லையென்றால் ஆண்டி குளோரின் போட்ட பிறகு ஊற்றுங்கள். ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள் கொட்டவே கொட்டாதீர்கள், சட்டென்று இறங்கும் சூடுதான் வெள்ளைப் புள்ளி நோயை அழைத்து வரும்.

கரன்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப், அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். இது இல்லாமல் வேலூரில் பெரிய மீன் வைக்காதீர்கள். மின்சாரம் நிறுத்தும் நாளில் காலைத் தீனி கிடையாது. ஒரு நாள் பட்டினியால் எந்த மீனும் சாகாது.

கடைசியாக மீன் தேர்வு. சில்வர் டாலரை நேசித்தவள்தான் சொல்கிறேன், நாலடித் தொட்டி, போர் தண்ணீர், முதல் மாடிச் சூடு இந்த மூன்றுக்கும் ரெயின்போ மீனைப் பாருங்கள். குறிப்பாக போசெமனி. முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. இந்தோனேசியாவின் பப்புவா பக்கம் அயமாரு என்ற ஏரிப் பகுதியில்தான் அதன் சொந்த வீடு, அங்கே தண்ணீரே காரத்தன்மையும் கடினமும் உள்ளது, வெதுவெதுப்பானது. நம் தண்ணீரைப் பார்த்து அது முகம் சுளிக்காது. ஆண் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். எட்டு வைத்தால் தொட்டியின் நீளம் முழுக்கக் கூட்டமாக ஓடும், யாரையும் கடிக்காது. குட்டியில் சாம்பல் நிறமாக இருக்கும், கடையில் பார்த்தால் ஆசையே வராது, ஒரு வருடம் பொறுத்தால் நிறம் வரும். இப்போது என் தொட்டியில் அதுதான், மூன்று கோடை தாண்டிவிட்டது.

ராணிப்பேட்டை_புதுசு:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். மிஸ் கேரளா வைக்கலாமா? அதுவும் கூட்ட மீன்தானே, அமைதி, அரையடிக்குப் பக்கம் வரும், சிவப்புக் கோடு அவ்வளவு அழகு. நம் நாட்டு மீன் என்பதால் தாங்கும் என்று நினைத்தேன்.

ஆற்காடு_பழையதொட்டி:

தம்பி, நம் நாட்டு மீன்தான், ஆனால் நம் ஊர் மீன் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளா, கர்நாடகா பக்கத்துப் பாறை ஆறுகளில் வேகமாக ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருப்பது. 1865இல் பிரான்சிஸ் டே என்பவர் அதை முதலில் விவரித்து எழுதினார். 25 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குச் சிரமம், நம் மே மாதத்தில் தொட்டி சும்மா நின்றால் 33. இன்னொன்று, ஏற்றுமதிக்காக ஆற்றிலிருந்து அள்ளி அள்ளியே அருகிப்போன மீன் அது. 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலி இருக்கிற பட்டியல் அது. கடையில் இருந்தாலும் கை வைக்காதீர்கள்.

பாகாயம் அம்மா சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன், நாலடிக்கு ரெயின்போதான் சரி. ஆனால் சகோதரி, பையனுக்குச் சில்வர் டாலர்தான் வேண்டும் என்றால் தொட்டியைப் பெரிதாக்குங்கள், மீனைச் சுருக்க முடியாது. ஐந்தடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றால் ஐந்நூற்று அறுபது லிட்டர் சொச்சம். கண்ணாடி, ஸ்டாண்ட், கல் எல்லாம் சேர்ந்து எழுநூறு கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளத்தை சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் பொதுவாகப் போடுவார்கள், இந்தத் தொட்டி ஒரு சதுர மீட்டருக்குள் அவ்வளவு எடையை இறக்கும். முதல் மாடியில் ஹால் நடுவில் வைக்கவே கூடாது. கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வைக்கலாமா என்று வீடு கட்டிய மேஸ்திரியையோ இன்ஜினியரையோ நேரில் கூட்டி வந்து காட்டுங்கள். நான் முதலிலேயே தரைத் தளத்துக்கு மாற்றிவிட்டேன்.

விருதம்பட்டு_மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் தம்பி வந்து ஷார்க் இரண்டையும் ரூப்சந்தையும் எடுத்துக்கொண்டு போனார். பையனும் கூடவே போய், குளத்தில் விடுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான். ஷார்க் ஒரே ஓட்டமாக நடுக்குளத்துக்குப் போய்விட்டதாம், வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் மூன்று தடவை சொன்னான்.

மாமனாரிடம் கேட்டேன், கீழ் வீட்டில் குடியிருப்பவர்கள் ஆவணியில் காலி செய்கிறார்கள், அதற்குப் பிறகு அந்த ஹாலில் ஐந்தடித் தொட்டி வைக்கலாம் என்றார். அதுவரை சில்வர் டாலர் இரண்டோடு இன்னும் நாலு குட்டி மட்டும் சேர்த்து, இந்தத் தொட்டியிலேயே கோடையைத் தாண்டவைக்கிறோம். குட்டிகளைச் சென்னை கொளத்தூரிலிருந்து என் தம்பி காலை ரயிலில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான், வெயில் ஏறுவதற்குள் காட்பாடி வந்துவிடுவான். இரண்டிரண்டாகத்தான் விடுவோம். கீழே பெரிய தொட்டி வந்த பிறகு இந்த நாலடிக்கு ரெயின்போ.

பேட்டரி பம்ப் வாங்கிவிட்டேன். பி.எச். பார்த்தேன், 8.2. அம்மோனியா 0.25 காட்டுகிறது, இன்று கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். பாகாயம் மேடம், நாளைக்கும் கால்வாசி மாற்றலாமா, இல்லை ஒரு நாள் விட்டு மாற்றவா?

பாகாயம்_வேதியியல்:

நாளைக்கும் மாற்றுங்கள், அதே கால்வாசி, சூடு ஒத்துப்போகும்படி. தீனியைப் பாதியாக்குங்கள். அம்மோனியா பூஜ்யம் காட்டும் வரை புது மீன் வேண்டாம், அதுவரை உங்கள் தம்பியை ரயில் ஏறச் சொல்லாதீர்கள்.